'உலலூம்' கவிதையில் அகராதி கைவிடும் இடங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போ எழுதிய 'உலலூம்' கவிதையை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்திருக்கிறீர்கள். ஓபர் என்ற ஏரியின் பெயரும் யானெக் என்ற மலையின் பெயரும் அதில் இல்லை. காட்டின் பெயரான 'வியர்' கிடைத்தது, ஆனால் ஆற்றின் குறுக்கே கட்டும் சிறிய அணை என்று போட்டிருக்கிறது. ஏரிக் கலிங்குக்கும் பேய் உலவும் காட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்கள். 'ஸ்கோரியாக்', 'செனெசென்ட்', 'லிக்வெசென்ட்' போன்றவற்றுக்குப் பொருள் கிடைத்தும் வரி விளங்கவில்லை. இவை உண்மையான சொற்களா, போ இட்டுக்கட்டியவையா, இல்லை என் ஆங்கிலம்தான் போதவில்லையா என்று முடித்திருக்கிறீர்கள். எந்தச் சொல்லுக்கு அகராதியைத் திறக்க வேண்டும், எந்தச் சொல்லைக் காதால் வாங்கிக்கொண்டு அப்படியே நகர வேண்டும் என்பதுதான் இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலக் கவிதை நடத்தியிருக்கிறேன். இந்தக் கவிதையை எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதே இடத்தில் நின்றுவிடுவார். உங்கள் ஆங்கிலத்தில் குறையில்லை. 1847 டிசம்பரில் ஓர் அமெரிக்க இதழில் இது முதலில் வெளிவந்தபோது படித்தவர்களும் யானெக் மலையை எந்த வரைபடத்திலும் கண்டிருக்க மாட்டார்கள்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், சொற்களை மாட்ட ஓர் ஆணி வேண்டும். அக்டோபர் மாத இரவு. ஒருவன் தன் ஆன்மாவோடு பேசிக்கொண்டே சைப்ரஸ் மரங்கள் இருபுறமும் நிற்கும் பாதையில் நடக்கிறான். என்ன மாதம், என்ன நாள், எந்த இடம் என்ற நினைவே இல்லை. விடியப் போகும் நேரத்தில் பாதையின் முடிவில் ஓர் ஒளி எழுகிறது. அவனுக்கு அது ஆறுதலாகத் தெரிகிறது. ஆன்மாவோ பயந்து, ஓடிவிடலாம் வா என்கிறது. அவன் சமாதானம் சொல்லி அழைத்துப் போகிறான். ஒரு கல்லறைக் கதவு வழியை மறிக்கிறது. போன வருடம் இதே இரவில் அவனே சுமந்துவந்து அடக்கம் செய்த உலலூமின் கல்லறை அது. கதை அவ்வளவுதான். தான் மறந்துபோனதை நோக்கியே தன் கால்கள் நடந்திருக்கின்றன என்று ஒருவன் கண்டுபிடிக்கிறான்.

இனி உங்களை முதலில் தடுத்த பெயர்கள். அவை வரியில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். ஓபர், சோபர், அக்டோபர் மூன்றும் இயைபு. வியர், சியர், இயர் மூன்றும் இயைபு. யானெக் என்பது டைட்டானிக், வால்கானிக் என்பவற்றோடு சேர்கிறது. அகராதி கைவிட்ட இந்த மூன்று இடப்பெயர்களும் வரியின் கடைசியில், இயைபு விழும் இடத்தில்தான் வருகின்றன. ஓசை கேட்டு வாங்கிய பெயர்கள் இவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்டோபர் என்ற மாதப் பெயரின் வாலே ஓர் ஏரியின் பெயராகத் திரும்பி வருவதால், அந்த மாதமும் அந்த இடமும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது.

பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பது வேறு கேள்வி, அதில் உறுதி குறைவு. ஓபர் என்ற பெயரில் அந்தக் காலத்தில் புகழ்பெற்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒருவர் இருந்தார், அவருடைய 1839ஆம் ஆண்டு இசைநாடகம் ஒன்றின் தலைப்பிலேயே 'தேவதைகளின் ஏரி' இருக்கிறது. வியர் என்ற பெயரில் ராபர்ட் வால்டர் வியர் என்ற அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் இருந்தார். ஓபர் ஏரியும் வியர் காடும் இவர்கள் பெயரை நினைத்து வைத்தவை என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது ஏற்கத்தக்க ஊகமாகவே படுகிறது. ஊகம் என்பதைத் தாண்டி நான் போகமாட்டேன். சில இடங்களில் இந்த ஓவியர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் போவின் ஆசிரியர் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. போ அங்கிருந்து வெளியேறியது 1831இல், வியர் அங்கே ஓவியம் கற்பிக்க வந்தது 1834இல். யானெக் விஷயமும் இப்படித்தான். 1841 ஜனவரியில் ஜேம்ஸ் கிளார்க் ராஸின் பயணக் குழு தென்துருவப் பகுதியில் எரிந்துகொண்டிருந்த எரிபஸ் மலையைக் கண்டது. பனிக்கு நடுவே நெருப்பு கக்கும் மலை என்ற செய்தி போவின் காதில் விழுந்திருக்கலாம். ஆனால் கவிதை அந்த மலையை 'போரியல்' துருவத்தில் வைக்கிறது. போரியல் என்றால் வடக்கு. ஆகவே யானெக் என்பது எரிபஸ்தான் என்று அடித்துச் சொல்ல வழியில்லை.

சரி, இப்போது உண்மையில் அகராதியில் உள்ள கடினச் சொற்கள். இங்கே நான் மாணவர்களுக்கு முதலில் காட்டுவது ஒன்று உண்டு. போ தன் வரிகளைக் கொஞ்சம் மாற்றித் திரும்பச் சொல்கிறார் அல்லவா? பலர் அதை வெறும் தாளம் என்று கடந்துவிடுகிறார்கள். எத்தனையோ இடங்களில் அந்த இரண்டாவது வரிதான் முதல் வரிக்கு உரை. 'ஸ்கோரியாக் ஆறுகள்' என்ற வரிக்கு அடுத்து 'ஓயாமல் உருளும் எரிமலைக் குழம்பு' என்று வருகிறது. ஸ்கோரியாக் தெரியாதவனுக்கும் அங்கே பொருள் கிடைத்துவிடும். 'இலைகள் சியர்' என்பதற்கு அடுத்த வரியிலேயே வாடுதல் என்ற சொல் வந்துவிடுகிறது. 'துருவத்தின் கடைக்கோடி' என்று முதலில் சொல்லி, பிறகு 'வட துருவம்' என்கிறார். அகராதியைத் திறக்கும் முன் அடுத்த வரியைப் படித்துவிடுங்கள்.

அதற்குப் பிறகும் அகராதி உதவும்தான். ஸ்கோரியா என்பது உலோகத்தை உருக்கும்போது ஒதுங்கும் கழிவு. தமிழில் கிட்டம், இரும்புக் கிட்டம் என்கிறோம். எரிமலை கக்கி இறுகிய, துளை துளையான கல்லுக்கும் அதே பெயர். ஆக அவன் இதயத்தில் ஓடியது வெறும் நெருப்பு மட்டும் இல்லை, கழிவும் கசடும் கலந்த நெருப்பு. செனெசென்ட், லிக்வெசென்ட், கிரெசென்ட் மூன்றையும் தனித்தனியாகத் தேடாதீர்கள், ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூன்றின் வாலிலும் இருக்கும் லத்தீன் விகுதி, ஒன்று ஆகத் தொடங்குவதை, ஆகிக்கொண்டிருப்பதைக் குறிக்கும். இரவு முதுமை அடைந்துகொண்டிருக்கிறது, ஒளி உருகி நீராகிக்கொண்டிருக்கிறது, பிறை வளர்ந்துகொண்டிருக்கிறது. கிரெசென்ட் என்பதன் மூலப்பொருளே 'வளர்வது'தான், நம் வளர்பிறை போல. கிழடாகும் இரவிலிருந்து வளரும் ஒன்று பிறக்கிறது. எதுவும் நிலையாக இல்லாத அந்த விடிகாலை மயக்கம் முழுவதையும் ஒரு விகுதி தாங்கி நிற்கிறது. இது அகராதியின் ஒற்றைச் சொல் விளக்கத்தில் கிடைக்காது, சொல்லின் பிறப்பைப் பார்த்தால்தான் கிடைக்கும்.

அந்தப் பிறை நிலா என்று நினைத்தால் குழப்பம் வரும். அந்தப் பிறையை அவன் அஸ்டார்ட்டி என்ற தெய்வத்தின் பிறை என்கிறான், 'டயனைவிட வெம்மையானவள்' என்கிறான். டயன் என்பது டயானா, ரோமரின் நிலாத் தெய்வம், கன்னித் தெய்வம். அஸ்டார்ட்டி பீனீசியரின் காதல் தெய்வம், கிரேக்கர் அவளைத் தங்கள் அப்ரோடைட்டியாகவும், ரோமர் வீனஸாகவும் கண்டார்கள். ஆகவே எழுந்தது வெள்ளிக் கோள், நம் விடிவெள்ளி. பின்னால் ஆன்மா அதை நட்சத்திரம் என்று சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது. வெள்ளிக்கு எப்படிப் பிறைக் கொம்பு என்று கேட்டால், வெள்ளியும் நிலாவைப்போலத் தேய்ந்து வளர்வதைக் கலீலியோ 1610இல் தொலைநோக்கியில் பார்த்துவிட்டார். போவின் காலத்துப் படித்தவர்களுக்கு இது பழைய செய்தி. சிங்கத்தின் குகையைத் தாண்டி வந்தாள் என்பது குறிப்பது சிம்ம ராசி விண்மீன்களைத்தான்.

அவனோடு நடக்கும் ஆன்மாவுக்குக் கவிதையில் சைக்கி என்று பெயர். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு ஆன்மா என்று பொருள், வண்ணத்துப்பூச்சி என்றும் பொருள். சிற்பங்களில் அவளுக்குச் சிறகு இருக்கும். அவள் பயத்தில் சிறகைப் புழுதியில் இழுபட விடுவதற்கு அதுதான் காரணம். லீத்தி என்பது கிரேக்கரின் பாதாள உலகில் ஓடும் மறதி ஆறு. அவன் வானத்தில் தேடும் 'லீத்தியன் அமைதி' மறதி தரும் அமைதி. ஏற்கெனவே எல்லாவற்றையும் மறந்து நடப்பவன் மேலும் மறதி கேட்கிறான். அந்த ஒளியை அவன் 'சிபிலிக்' என்று புகழ்வதில் அவனுக்கே தெரியாத ஓர் எச்சரிக்கை இருக்கிறது. சிபில்கள் குறி சொல்லும் பெண்கள். பழைய கதைகளில் குறிசொல்லை நம்பித் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் கெட்டுப்போவார்கள். கன்னத்தில் 'புழு சாகாது' என்ற தொடர் பைபிளிலிருந்து வருகிறது, தமிழ் பைபிளில் 'புழு சாவாமலும் அக்கினி அவியாமலும்' என்று நரகத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவன் முகத்திலேயே நரகம் குடியிருக்கிறது.

என் அனுபவத்தில், கடினச் சொற்களைவிட எளிதாகத் தெரியும் சொற்கள்தான் வாசகரை அதிகம் ஏமாற்றுகின்றன. அகராதியைத் திறக்க வேண்டியது அங்கேதான். 'அல்லி' (alley) என்றதும் சந்து என்று நினைக்கிறோம். இங்கே அது மரங்கள் வரிசையாக நிற்கும் நடைபாதை. 'டைட்டானிக்' என்றதும் கப்பல் வந்து நிற்கிறது. அந்தக் கப்பல் மூழ்கியது 1912இல். கவிதையில் இருப்பது டைட்டன்கள் என்ற பழைய ராட்சதத் தெய்வங்கள், அதாவது அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரம். சைப்ரஸ் வெறும் மரம் இல்லை, மத்தியதரைக் கடல் நாடுகளில் இடுகாட்டோடும் துக்கத்தோடும் சேர்த்துச் சொல்லும் மரம். இரண்டாம் பத்தியிலேயே அவன் எங்கே நடக்கிறான் என்று அந்த மரம் சொல்லிவிடுகிறது, கேட்கத்தான் அவனுக்குக் காது இல்லை. 'கிறிஸ்ப்ட்' என்பதை மொறுமொறுப்பு என்று ஒரு மாணவி மொழிபெயர்த்தாள். இன்றைய ஆங்கிலத்தில் அது நியாயம்தான், ஆனால் மூலச் சொல்லில் சுருண்ட, நெளிந்த என்பதுதான் பொருள். காய்ந்து சுருண்ட சருகு கண்முன் வந்தால் போதும். 'லெஜண்டட்' கல்லறை என்பதைப் புகழ்பெற்ற கல்லறை, பழங்கதை சொல்லும் கல்லறை என்று படித்தால் அடுத்த வரி ஒட்டவே ஒட்டாது. லெஜண்ட் என்பதன் லத்தீன் மூலத்துக்குப் 'படிக்க வேண்டியது' என்று பொருள். நாணயத்திலும் வரைபடத்திலும் பொறித்த எழுத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. எழுத்துப் பொறித்த கல்லறை. அதனால்தான் உடனே அவன் 'என்ன எழுதியிருக்கிறது' என்று ஆன்மாவிடம் கேட்கிறான். தான் அடக்கம் செய்தவளின் பெயரை அவன் படிக்கவில்லை, ஆன்மா படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு இந்தக் கவிதையிலேயே மிகவும் வலிக்கும் இடம் அது.

தமிழில் சொல்லிப் பார்க்கும்போது வரும் இரண்டு சிக்கல்களையும் சொல்லவேண்டும். 'டார்ன்' என்பது மலைக் குளம், ஸ்காண்டிநேவிய மொழிவழி இங்கிலாந்தின் வட பகுதிக்கு வந்த சொல். அகராதிப்படி அதற்கு நேரான தமிழ் சுனை. ஆனால் சுனை என்றதும் நமக்குக் குளிர்ச்சியும் குவளையும் குறிஞ்சியும் வந்துவிடும். போ அதற்கு முன் 'டாங்க்' என்ற சொல்லை வைக்கிறார், வெயில் படாமல் ஊறிப்போய் முடைநாற்றம் அடிக்கும் ஈரம் அது. பொருளால் சுனை, மணத்தால் பாழுங்குட்டை. நான் இன்றும் பாழ்ச்சுனை என்று சொல்லிச் சமாளிக்கிறேன், அதில் எனக்கு முழு நிறைவு இல்லை.

இன்னொன்று 'கூல்' (ghoul). பிணம் தின்னும் பேய். இந்தச் சொல்லைக் கேட்டதும் பரணி படித்தவர்களுக்குக் கூளி நினைவுக்கு வரும். கலிங்கத்துப்பரணியில் 'காளிக்குக் கூளி கூறியது' என்று ஒரு பகுதியே இருக்கிறது, கூளிகள் அங்கே போர்க்களத்துப் பிணங்களுக்கு நடுவேதான் வாழ்கின்றன. ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்று சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஆங்கிலத்துக்கு அது அரபியிலிருந்து வந்தது என்பது உறுதி. 1786இல் வெளிவந்த 'வாத்தெக்' என்ற கீழைநாட்டுப் பாணிக் கதை அதை ஆங்கிலத்தில் பரப்பியது. அரபியில் பற்றிப் பிடித்தல் என்ற பொருளுள்ள வேரோடு அதைச் சேர்ப்பார்கள். விண்மீன் அல்கோலின் பெயரிலும் இருப்பது இதே பேய்தான். ஒலி ஒன்றாக இருப்பது மட்டும் உறவுக்குச் சான்று ஆகாது. ஆனால் மொழிபெயர்க்க உட்காரும்போது கூளி என்ற சொல் கையில் இருப்பது பெரிய வரம், அதை நான் தயங்காமல் பயன்படுத்துவேன்.

தலைப்புப் பெயருக்கு வருவோம். உலலூம் என்று ஒரு பெண் பெயர் ஆங்கிலத்தில் கிடையாது. லத்தீனில் ஓலமிடுவதைக் குறிக்கும் உலுலாரே என்ற சொல்லும், ஒளியைக் குறிக்கும் லூமன் என்ற சொல்லும் இதில் கலந்திருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். ஓலமும் ஒளியும் இந்தக் கவிதைக்கு நன்றாகப் பொருந்துகின்றன, ஆனால் பொருந்துவது வேறு, நிரூபணம் வேறு. உறுதியாகச் சொல்லக்கூடியது அது டூம், குளூம் என்ற சொற்களோடு, அதாவது கல்லறையோடும் இருளோடும் இயைபு கொள்கிறது என்பதே. போவின் மனைவி வர்ஜீனியா 1847 ஜனவரி 30 அன்று இறந்தார், கவிதை அதே ஆண்டின் இறுதியில் வந்தது. அந்தத் துக்கம் இதில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் உலலூம்தான் வர்ஜீனியா என்று சமன்பாடு போட்டுவிடாதீர்கள். அவர் இறந்தது ஜனவரியில், கவிதையின் இரவு அக்டோபரில், அதுவும் ஓராண்டு கழிந்த நினைவுநாளில்.

இனி நீங்கள் திரும்பப் படிக்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். அகராதியை மூடிவிட்டு, வாய்விட்டு ஒருமுறை முழுதும் படியுங்கள். பிறகு பென்சிலால் 'சியர்' என்ற சொல்லை மட்டும் வட்டமிடுங்கள். ஆறு இடங்களில் வரும். முதல் இரண்டு முறை இலைகள் சருகாகின்றன. நடுவில் எண்ணங்கள் சருகாகின்றன, நினைவுகள் சருகாகின்றன. கடைசியில் அந்தச் சருகு இலைகளைப் போலவே இதயம் ஆகிவிட்டது என்கிறான். களையிழந்த, இறுக்கமான என்ற பொருளில் வரும் 'சோபர்' என்ற சொல்லும் அப்படியே வானத்தில் தொடங்கி, பேச்சுக்கு வந்து, இதயத்தில் இறங்குகிறது. வெளியே இருந்த இலையுதிர்காலம் படிப்படியாக அவனுக்குள் வருவதை இந்த இரண்டு சொற்களைப் பின்தொடர்ந்தாலே பார்த்துவிடலாம். ஓபர் எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டியதே இல்லை.

அப்புறம் ஐந்தாவது வரியில் 'இம்மெமோரியல்' என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். நினைவுக்கெட்டாத என்று பொருள், வழக்கமாக மிகப் பழைய காலத்துக்குச் சொல்வது. அவன் போன வருடம் நடந்ததையே மறந்தவன். அந்த வருடத்தை 'என்னுடைய, மிகவும் நினைவுக்கெட்டாத வருடம்' என்கிறான். மறக்க முடியாத என்று சொல்ல வந்து வாய் தவறியதா, நினைக்கவே மனம் கூசும் என்ற பொருளா, இரண்டுமா என்பதில் வாசகர்கள் ஒத்துப்போவதில்லை. நான் இரண்டும் என்றே படிக்கிறேன், வேறுவிதமாகப் படிப்பவரோடு சண்டைக்குப் போகமாட்டேன்.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கும் பதிப்பில் எத்தனை பத்திகள் என்று எண்ணிப் பாருங்கள். பல தொகுப்புகளில் ஒன்பதுதான் இருக்கும். முதலில் அச்சான வடிவில் பத்தாவது ஒன்று உண்டு, பின்னால் போ அதை விட்டுவிட்டார். அதில் காட்டுக் கூளிகளை அவர் 'பிட்டிஃபுல்' என்கிறார். இன்றைய பொருளில் படித்தால் பரிதாபமான கூளிகள் என்று வரும். பழைய பொருள் இரக்கம் நிறைந்த என்பது, பக்கத்திலேயே 'கருணையுள்ள' என்ற சொல்லும் நிற்கிறது. மண்ணுக்குள் கிடப்பதை அவன் போய்ப் பார்த்துவிடக் கூடாது என்று அந்தக் கூளிகளே இரங்கி, வழியை மறிக்கத்தான் அந்தப் பொய் வெள்ளியை வானத்தில் எழுப்பினவோ என்று இருவரும் கேட்டுக்கொள்கிறார்கள். பத்தாவது பத்தி உங்கள் பதிப்பில் இல்லையென்றால், அது உள்ள பதிப்பைத் தேடி எடுத்து ஒருமுறை சேர்த்துப் படித்துவிடுங்கள்.